போல்ட்டைத் தொடும் இடம்

வேலைக்குப் புதிதாக வரும் பையன்கள் என்னிடம் முதலில் கேட்பது, "அண்ணே, எந்த டூல்ஸ் செட் வாங்கலாம்?" என்பதுதான். செட்டே வாங்காதே தம்பி என்பேன். நல்ல ஸ்டார் திருப்புளி ஒன்று வாங்கு, போல்ட் தலையில் மாட்டும் சாக்கெட் 8, 10, 12, 14 மில்லியில் நான்கு வாங்கு, மீதியை வேலை கேட்கக் கேட்க வாங்கிக்கொள். நூறு சாமான் உள்ள பெட்டியைத் திறந்து பார்க்கும்போது மனசு நிறையும், உண்மைதான். ஆனால் அதில் தினமும் கைக்கு வருவது பத்துப் பன்னிரண்டுதான். அந்தப் பத்துப் பன்னிரண்டும் சுமாராக இருந்தால் பெட்டி நிறைய இருந்து என்ன பயன்?

பல வருஷமாக ஜப்பான் கார்களையும் பைக்குகளையும் பழுது பார்க்கிறேன். கொஞ்சம் கொஞ்சமாக என் பெட்டியில் ஜப்பான் கருவிகளே அதிகமாகிவிட்டன. நாட்டின் பேருக்காக வாங்கியதல்ல. போல்ட்டைத் தொடும் அந்த ஒரு இடம் எப்படி இருக்கிறது என்று பார்த்துப் பார்த்து வாங்கியதில் அப்படி அமைந்துவிட்டது. கருவியின் விலை அந்த இடத்துக்குப் போக வேண்டும் என்பது என் கருத்து. கைப்பிடி, பாலிஷ், பெட்டி எல்லாம் அப்புறம்.

முதலில் அளவு விஷயம். ஜப்பான் வண்டிகளில் எம்6, அதாவது மரை 6 மில்லி தடிமன் உள்ள போல்ட்டுக்குப் பெரும்பாலும் 10 மில்லி தலை, எம்8 போல்ட்டுக்கு 12, எம்10க்கு 14, எம்12க்கு 17. ஐரோப்பிய வண்டியில் அதே எம்8க்கு 13 வரும், எம்10க்கு 16 வரும். இது தெரிந்தால், ஜப்பானில் ரிங் ஸ்பேனரை ஏன் 8-10, 10-12, 12-14, 14-17 என்று ஜோடி சேர்க்கிறார்கள் என்பது புரிந்துவிடும். வேறு இடத்துச் செட்டுகளில் 10-11, 12-13, 14-15 என்று வரும். ஜப்பான் எஞ்சினில் 11க்கும் 15க்கும் பெரும்பாலும் வேலை இல்லை, அதனால் பாதி ஸ்பேனரின் ஒரு பக்கம் சும்மா கிடக்கும். 10-12 ஸ்பேனர் ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு குனிந்தால், ஓர் எஞ்சினின் மேல் பக்கத்தில் கணிசமான வேலையை நிமிராமலே பார்த்துவிடலாம்.

திருப்புளிக்கு வருவோம். அதிகச் சேதம் நடப்பது இங்கேதான் என்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

பழைய ஜப்பான் பைக்கின் கார்புரேட்டரைக் கழற்றிக் கையில் வைத்துப் பாருங்கள். அடியில் பெட்ரோல் நிற்கும் கிண்ணமான ஃப்ளோட் பவுலைப் பிடித்திருக்கும் நான்கு ஸ்க்ரூக்களின் தலையும் சிதைந்து, வெள்ளையாகப் பிசிறடித்திருக்கும். யாரோ பலமாகத் திருகியதால் வந்தது என்று நினைப்போம். பல நேரம் பலம் காரணமில்லை, முனை காரணம். அந்த ஸ்க்ரூ பார்ப்பதற்குச் சாதாரண பிலிப்ஸ், அதாவது நாம் ஸ்டார் என்று சொல்லும் கூட்டல் குறி ஸ்க்ரூ மாதிரியே இருக்கும். உண்மையில் அது ஜேஐஎஸ் எனப்படும் ஜப்பான் தர அளவில் வெட்டிய குழி. பிலிப்ஸ் முனை அதில் முழு ஆழத்துக்கு இறங்காது. மேலேயே தங்கி நிற்கும், திருகியதும் எகிறி வெளியே வரும், வரும்போது தலையைச் சீவிக்கொண்டு வரும். ஜேஐஎஸ் முனை கொஞ்சம் மழுங்கலாக இருக்கும், அது அடிவரை போய் உட்காரும். பல ஸ்க்ரூக்களின் தலையில் ஊசி முனை அளவுக்கு ஒரு சின்னப் புள்ளியோ குழியோ இருக்கும், அதுதான் அடையாளம். எல்லாவற்றிலும் இருக்காது. ஜப்பான் வண்டி என்றால் புள்ளி இல்லாவிட்டாலும் ஜேஐஎஸ் முனையையே முதலில் வைத்துப் பார்ப்பது என் பழக்கம்.

சரியான முனையா என்று பார்க்க எளிய வழி உண்டு. திருப்புளியை ஸ்க்ரூவில் வைத்து, லேசாக அழுத்தி, இடமும் வலமும் அசைத்துப் பாருங்கள். ஆட்டம் இல்லாமல் கல்லில் நட்டது மாதிரி நின்றால் சரி. கொஞ்சம் ஆடினாலும் வேண்டாம், வேறு நம்பர் எடுங்கள். 2ஆம் நம்பர் திருப்புளியை வைத்து 3ஆம் நம்பர் ஸ்க்ரூவைத் திருகும் பழக்கம் எங்கும் இருக்கிறது, ஏனென்றால் எல்லார் கையிலும் 2 இருக்கும், 3 இருக்காது. பழைய ஹோண்டா பைக் எஞ்சினின் பக்க மூடிகளில் பல ஸ்க்ரூக்கள் 3ஆம் நம்பர். அந்த ஒரு திருப்புளி பெட்டியில் இருந்தால் எத்தனையோ ஸ்க்ரூத் தலைகள் பிழைத்திருக்கும்.

அழுத்தத்துக்கும் ஜப்பானில் ஒரு கணக்குச் சொல்கிறார்கள்: பத்துப் பங்கு பலத்தில் ஏழு பங்கு அழுத்த, மூன்று பங்கு திருக. இறுகிப்போன ஸ்க்ரூவை எடுக்கும்போது இதைச் செய்து பார்த்தால் வித்தியாசம் உடனே கையில் தெரியும். உள்ளங்கையைக் கைப்பிடியின் அடியில் வைத்து உடம்பின் எடையையே கொடுக்க வேண்டும், விரல்கள் மெதுவாகத் திருகினால் போதும்.

நான் வைத்திருக்கும் திருப்புளிகள் ஒசாகாவில் 1916இல் தொடங்கிய வெஸல் கம்பெனியுடையவை. கம்பி கைப்பிடியின் அடிவரை ஊடுருவிப் போகும் வகை, அதனால் பின்னால் சுத்தியலால் தட்டலாம். அதிலேயே இம்பாக்டா என்று ஒன்று உண்டு. தட்டத் தட்ட முனை தானே கழற்றும் பக்கம் கொஞ்சம் திரும்பும். சுத்தியலால் அடித்துத் திருப்பும் பெரிய இம்பாக்ட் டிரைவரை நுழைக்க முடியாத இடத்தில், பிரேக் மாஸ்டர் சிலிண்டர் மூடி ஸ்க்ரூ மாதிரி அலுமினியத்தோடு துரு கோத்து நிற்கும் ஸ்க்ரூவுக்கு, அதைப்போல் உதவியது வேறில்லை. தலை ஏற்கெனவே போய்விட்டது என்றால் ஒசாகாவில் 'எஞ்சினியர்' என்ற பெயருள்ள இன்னொரு கம்பெனி செய்யும் நெஜிசாரஸ் பிளேயர் இருக்கிறது. அதன் வாயின் உள்பக்கம் நெடுக்குவாட்டில் வரிகள் வெட்டியிருப்பதால், தலையை நேராக முன்னாலிருந்து கவ்விப் பிடித்துத் திருகலாம். ஸ்க்ரூத் தலை வெளியே துருத்திக்கொண்டிருந்தால் மட்டும்தான் இது நடக்கும், குழிக்குள் உட்கார்ந்த தலைக்கு உதவாது.

சாக்கெட்டில் நான் தேடுவது இரண்டு. ஒன்று, ஆறு முகம். பன்னிரண்டு முகச் சாக்கெட் எளிதாக மாட்டும், ஆனால் துருப்பிடித்த தலையில் மூலையைச் சீவிவிடும். இரண்டாவது, அது போல்ட்டின் மூலையைத் தள்ளாமல் பக்கத்தைத் தள்ளுகிறதா என்பது. உள்ளே எட்டிப் பார்த்தால் மூலைகள் கொஞ்சம் வளைவாக விலகியிருக்கும். அப்படியிருந்தால் அழுத்தம் தலையின் தட்டையான பக்கத்தில் விழும், மூலை உருளாது. ஷிசுவோகாவில் 1946இல் தொடங்கிய கோ-கென் சாக்கெட்டுக்கென்றே பேர்பெற்ற கம்பெனி. அவர்களின் ஸீல் வரிசையில் சாக்கெட் குட்டையாகவும் சுவர் மெல்லியதாகவும் இருக்கும். சொடுக்கிச் சொடுக்கித் திருப்பும் கைப்பிடியான ராட்செட்டும், நீளம் கூட்டும் கம்பியான எக்ஸ்டென்ஷனும், சாக்கெட்டும் சேரும் இடங்களில் ஆட்டம் குறைவு. இதன் அருமை எக்ஸ்டென்ஷன் இரண்டைச் சேர்த்து மாட்டும்போது தெரியும். ஒவ்வொரு இணைப்பிலும் கொஞ்சம் கொஞ்சம் ஆடினால், கடைசியில் போல்ட் அசைகிறதா, கருவி அசைகிறதா என்றே கைக்குத் தெரியாது. அவர்களிடம் நட் கிரிப் என்ற வகையும் உண்டு, உள்ளே ஸ்பிரிங் வைத்த சின்னக் குண்டு நட்டைப் பிடித்துக்கொள்ளும். கை நுழையாத சந்தில் நட்டை ஏற்றும்போது கீழே விழுந்து எஞ்சின் கவசத்துக்குள் மறைந்துபோகும் தலைவலி இல்லை.

ராட்செட் வாங்கும்போது எல்லாரும் பல் எத்தனை என்று கேட்பார்கள். 36 பல் என்றால் ஒரு சொடுக்குக்குக் கைப்பிடி 10 டிகிரி நகர வேண்டும். கேடிசி கம்பெனியின் உயர்தர வரிசையான நெப்ராஸின் 9.5 மில்லி (சாக்கெட் மாட்டும் சதுரத்தின் அளவு) ராட்செட்டில் 90 பல், 4 டிகிரி நகர்ந்தால் போதும். ஆல்டர்னேட்டருக்குப் பின்னால் கைப்பிடி ஓர் அங்குலம் மட்டுமே அசையும் இடத்தில் அந்த 4 டிகிரி பெரிய வரம். ஆனால் திறந்த இடத்து வேலையில் 36 பல்லே எனக்குப் போதுமானது. இறுகிய போல்ட்டை முதலில் அசைப்பது எப்போதுமே நீளமான ரிங் ஸ்பேனரிலோ, பல் இல்லாத நீளக் கைப்பிடியான பிரேக்கர் பாரிலோதான், ராட்செட்டில் இல்லை. அதனால் பல் கணக்கைப் பார்த்து முதல் சம்பளத்தைக் கொட்ட வேண்டாம்.

கேடிசி 1950இல் கியோட்டோவில் தொடங்கியது. அவர்களின் 45 டிகிரி வளைவுள்ள ரிங் ஸ்பேனர்தான் என் பெட்டியில் அதிகம் தேய்ந்தது. ஸ்பேனரின் நீளத்தில் ஒரு கணக்கு இருக்கிறது, அதைப் பையன்களுக்குத் தரையில் எழுதியே காட்டுவேன். 10 தலை எம்6 போல்ட்டுக்குப் பல இடங்களில் சொல்லும் இறுக்கம் 10 நியூட்டன் மீட்டர் அளவுதான். 15 சென்டிமீட்டர் பிடியில் 100 நியூட்டன், அதாவது ஏறக்குறைய பத்துக் கிலோ பலம் கொடுத்து இழுத்தால் 15 நியூட்டன் மீட்டர். பிடி 30 சென்டிமீட்டர் ஆனால் அதே பலத்துக்கு 30. வால்வு மூடியின் போல்ட் ஏன் உடைகிறது, அலுமினியத்தில் மரை ஏன் பிடுங்கிக்கொண்டு வருகிறது என்பதற்கு இதுவே பதில். சின்ன அளவு ஸ்பேனரைக் குட்டையாகச் செய்வது இரும்பை மிச்சம் பிடிக்க இல்லை, போல்ட்டைக் காப்பாற்ற. கழற்ற நீளம், இறுக்கக் குட்டை என்று இரண்டு 10 ஸ்பேனர் வைத்துக்கொள்வது நல்லது.

பிரேக் பைப் நட்டுக்கு மட்டும் சாதாரணத் திறந்த வாய் ஸ்பேனரைத் தொடவே கூடாது. அது இரண்டு பக்கத்தை மட்டும் பிடிக்கும், நட்டோ மென்மையானது, ஒரே திருகில் உருண்டுவிடும். அதற்குப் பைப் நுழைய ஒரு வெட்டு மட்டும் விட்ட ஃப்ளேர் நட் ஸ்பேனர் வேண்டும். ஜப்பான் கார்களில் பெரும்பாலும் 10 அளவு ஒன்று இருந்தால் போதும். நட்டு உருண்டால் பைப்பையே மாற்ற வேண்டும், அந்தச் செலவோடு வைத்துப் பார்த்தால் இந்த ஸ்பேனர் மலிவு.

இறுக்கத்தை அளந்து, வைத்த அளவு வந்ததும் கிளிக் என்று சொல்லும் டார்க் ரெஞ்சில் நான் மதிப்பது 1949இல் டோக்கியோவில் தொடங்கிய டோனிச்சியை. ஒரே ரெஞ்சில் எல்லா வேலையும் ஆகாது. 5இலிருந்து 25 நியூட்டன் மீட்டர் வரை ஒன்று, 40இலிருந்து 200 வரை இன்னொன்று என இரண்டு இருந்தால் சாதாரண வேலைகள் நடந்துவிடும். டொயோட்டாவின் பல கார்களில் சக்கர நட்டுக்கு 103, ஹோண்டாவின் பல கார்களில் 108. காலால் மிதித்து இறுக்கிய நட்டு இந்த அளவை எங்கோ தாண்டியிருக்கும், அதுவும் ஒவ்வொரு நட்டும் ஒவ்வொரு அளவில். பிரேக் பிடிக்கும்போது ஸ்டியரிங் நடுங்குகிறது என்று வரும் வண்டியில் டிஸ்க்கை மாற்றும் முன் சக்கர நட்டுகளைப் பார்ப்பேன். இன்னொன்று, கிளிக் கேட்டதும் கையை எடுத்துவிட வேண்டும். இன்னும் ஒரு தடவை என்று இழுத்தால் அளவு தாண்டிவிடும். டார்க் ரெஞ்சால் போல்ட்டைக் கழற்றவும் கூடாது.

பிளேயர்கள் நீகாட்டா மாகாணத்து ஸான்ஜோ பக்கத்திலிருந்து வருபவை நன்றாக இருக்கின்றன. ஆற்று வெள்ளத்தில் பயிர் போய்க்கொண்டிருந்த விவசாயிகள் 17ஆம் நூற்றாண்டில் பக்கத் தொழிலாக ஆணி அடிக்கத் தொடங்கிய ஊர் அது. இன்று அந்தப் பக்கத்தில் கெய்பா, திரீ பீக்ஸ், ட்ஸுனோடா என்று பல பிளேயர் பெயர்கள். கெய்பாவின் கட்டரில் ஒரு வயரை வெட்டினால் நசுங்காமல் நறுக்கென்று வெட்டும், அதற்காகவே வாங்கலாம்.

வாங்கும்போது பெயரைவிட எண்ணைப் படிக்கக் கற்றுக்கொள்வது உதவும். கோ-கென்னில் முதல் இலக்கம் 2 என்றால் 6.3 மில்லி சதுரம், 3 என்றால் 9.5, 4 என்றால் 12.7. அதாவது 3400எம் என்றால் 9.5 சதுரம், ஆறு முகம், குட்டை. 3300எம் அதே வகையில் ஆழமானது. கேடிசியில் பி3-10 என்றால் 9.5 சதுரத்தில் 10 அளவு. கார் வேலைக்கு முதலில் 9.5 சதுரம் எடுங்கள், பெரும்பாலான வேலை அதிலேயே முடியும். வெள்ளைப் பூச்சுள்ள கைச் சாக்கெட்டை அடித்து அடித்துத் திருப்பும் இயந்திரமான இம்பாக்ட் கன்னில் மாட்டவே மாட்டாதீர்கள், வெடித்துச் சிதறலாம், கண்ணுக்கு ஆபத்து. அதற்குக் கறுப்பாக, சுவர் தடித்ததாக வேறு சாக்கெட் உண்டு.

எல்லாமே ஜப்பானிலிருந்து வர வேண்டும் என்றும் இல்லை. சுத்தியல், உளி, புல்லர், நெம்புகம்பி இதற்கெல்லாம் கிடைப்பது போதும். ஐரோப்பிய கார் வந்தால் 13, 16, 18 சாக்கெட்டும் ஆறு முனை நட்சத்திர வடிவ டார்க்ஸ் முனைகளும் தனியாக வேண்டும். என் பெட்டியில் அவை தனித் தட்டில் இருக்கின்றன.

பராமரிப்பில் நான் விடாமல் செய்வது இரண்டு. சாயங்காலம் எல்லாக் கருவியையும் துணியால் துடைத்து வைப்பேன், திருப்புளி முனையைத் துடைக்கும்போதே தேய்மானத்தைப் பார்த்துக்கொள்வேன். முனையின் ஓரம் பளபளத்து வளைந்திருந்தால் அது உடனே மாற்ற வேண்டியது, நல்ல ஸ்க்ரூவைக் கெடுக்கும் முன். டார்க் ரெஞ்சை மிகக் குறைந்த அளவுக்குத் திருப்பிப் பெட்டியில் வைப்பேன். வருஷத்துக்கு ஒரு முறை அதை அளவு சரிபார்க்க அனுப்புகிறேன். அது திரும்பி வரும்வரை சக்கர நட்டுகளைப் பக்கத்து மெக்கானிக்கின் ரெஞ்சை வாங்கித்தான் இறுக்குகிறேன்.