மூணு சி.எல். போச்சு, ரிப்போர்ட் நார்மல்: நான் மேமோகிராமும் பாப் ஸ்மியரும் எடுத்த கதை

கடைசி ரிப்போர்ட் நேத்துதான் வாட்ஸப்ல வந்துச்சு. எல்லாம் நார்மல். இப்பதான் மூச்சு விடறேன். ஆனா ஒரே நாள்ல முடிய வேண்டிய விஷயத்துக்கு ஒட்டன்சத்திரத்துலேர்ந்து மதுரைக்கு மூணு தடவ அலைஞ்சேன், ஸ்கூல்ல மூணு சி.எல். போச்சு, நடுவுல மூணு ராத்திரி தூக்கமும் போச்சு. அதுல பாதி, போன்லயே யாராவது ஒரு வார்த்த சொல்லியிருந்தா மிச்சமாயிருக்கும், அந்த ஆத்திரம் இன்னும் அடங்கல.

எனக்கு 45 வயசு. எங்க பெரியம்மா கர்ப்பப்பை வாய் கேன்சர்ல போனவங்க. தீட்டு நின்னு அஞ்சு வருஷம் கழிச்சு ரத்தம் பட்டிருக்கு, யார்கிட்டயும் சொல்லாம ஏழெட்டு மாசம் மறைச்சு வெச்சிருந்தாங்க. அதனால நான் இதுல அசால்ட்டா இருக்கறது இல்ல. மதுரையில ஒரு பெரிய ஆஸ்பத்திரியில பெண்களுக்கான பேக்கேஜ்னு போட்டிருந்தான், ரத்தம், யூரின், வயித்து ஸ்கேன், மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே), பாப் ஸ்மியர் (கர்ப்பப்பை வாயிலேர்ந்து செல் எடுத்துப் பாக்கறது) எல்லாம் சேர்த்து. போன் பண்ணி புக் பண்ணேன். பேரு, வயசு, மொபைல் நம்பர், ஜிபேல 500 ரூபா அட்வான்ஸ், வெறும் வயித்துல வாங்க, அவ்ளோதான் கேட்டாங்க.

வெள்ளிக்கிழம காலைல அஞ்சு மணிக்கெல்லாம் பஸ் ஏறி, திண்டுக்கல்ல மாறி, ஆரப்பாளையத்துல எறங்கி, பச்ச தண்ணி மட்டும் குடிச்சுட்டு போய் நிக்கறேன், சிஸ்டர் கேக்கறாங்க கடைசியா எப்ப தலைக்கு ஊத்துனீங்கன்னு. இன்னைக்கு மூணாவது நாள்னேன். "அப்ப பாப் ஸ்மியர் எடுக்க முடியாதுக்கா, யூரினும் சரியா வராது"ன்னுட்டாங்க. சிஸ்டர் மேல தப்பில்ல, ரத்தம் கலந்தா செல் ஒழுங்கா தெரியாது. சரி, ரத்தத்தையாவது இன்னைக்கு குடுத்துட்டு மத்ததுக்கு அடுத்த வாரம் வர்றேன்னு கவுன்ட்டர்ல கேட்டா, "பேக்கேஜ பிரிக்க முடியாது மேடம், சிஸ்டம் எடுக்காது. அட்வான்ஸும் ரிட்டர்ன் இல்ல"ன்னு தலைய நிமிராமயே சொல்றான். புக் பண்றப்ப தேதிய கேக்காதது உங்க தப்புதானே தம்பின்னு நான் அங்கேயே நின்னுட்டேன். பின்னாடி லைன் நீண்டுக்கிட்டே போக, உள்ளேர்ந்து ஒரு மேடம் வந்து அதே அட்வான்ஸ்ல அடுத்த வெள்ளிக்கிழமைக்கு மாத்தி, சீட்டுல கையெழுத்தும் போட்டுக் குடுத்தாங்க. வாய்ல சொன்னா போதும்னு வந்துடாதீங்க, எழுதி வாங்குங்க.

நீங்க புக் பண்ணும்போது நீங்களே நாள் எண்ணிக்கோங்க. தீட்டு ஆரம்பிச்ச நாள்லேர்ந்து எண்ணி பத்தாம் நாள் வாக்குல போனா ரெண்டுக்குமே தோது. தீட்டு வர்றதுக்கு முந்தின வாரம் மார்பு கனத்து வலிக்கும், அப்ப மேமோகிராம் எடுத்தா உயிர் போகும். பாப் ஸ்மியருக்கு முன்னாடி ரெண்டு நாள் வீட்டுக்காரரோட சேர்றது, உள்ள வைக்கற மாத்திரை, கிரீம் எதுவும் கூடாது. இத எந்த கவுன்ட்டர்லயும் சொல்ல மாட்டாங்க, கூச்சப்பட்டு நாமளும் கேக்க மாட்டோம், கடைசியில சாம்பிள் சரியில்ல மறுபடி வாங்கன்னு சொல்லுவாங்க.

ரெண்டாவது தடவ ரத்தம், யூரின் அரை மணி நேரத்துல முடிஞ்சுது. அடுத்தது வயித்து ஸ்கேன், அதுக்கு மூத்திரப்பை நிறைஞ்சு இருக்கணும்னு ஒரு லிட்டர் தண்ணி குடிக்க வெச்சாங்க. குடிச்சுட்டு ஒண்ணேகால் மணி நேரம் பெஞ்சுல கால மாத்தி மாத்தி போட்டுட்டு உக்காந்திருக்கேன், டோக்கன் நகரவே இல்ல. அப்ப இன்னொரு சிஸ்டர் ஓடி வந்து, லேடி டாக்டர் கெளம்பப் போறாங்க, பாப் ஸ்மியர மொதல்ல முடிச்சுடலாம், யூரின் போயிட்டு வாங்கங்கறாங்க. அதுக்கு பை காலியா இருக்கணுமாம். ஒண்ணுக்கு நெறைக்கணும், ஒண்ணுக்கு காலி பண்ணணும், இத வரிசைப்படுத்தி வைக்க அங்க ஒரு ஆள் இல்ல. மறுபடி ஒரு லிட்டர் குடிச்சேன். போன உடனே எது மொதல்ல எது அடுத்துன்னு கேட்டு வெச்சுக்கோங்க.

பாப் ஸ்மியர் மூணு நிமிஷம் கூட ஆகல. டாக்டரம்மா தங்கமானவங்க, ஒவ்வொண்ணையும் சொல்லிச் சொல்லி செஞ்சாங்க. மேமோகிராம்லதான் டெக்னீஷியன் பொண்ணு "பவுடர் போட்டிருக்கீங்களாக்கா"ன்னு கேட்டு, ஈரத்துணி குடுத்து அக்குள், மார்புக்கு அடியெல்லாம் தொடைக்கச் சொல்லுச்சு. பவுடர், டியோடரன்ட் எல்லாம் படத்துல சுண்ணாம்புப் புள்ளி மாதிரி தெரியுமாம், அப்புறம் அத வேற எதுவோன்னு நெனச்சு தேடணும். தாலிச்செயின கழட்ட எனக்கு மனசு வரல. அந்தப் பொண்ணு ஒண்ணும் சொல்லாம செயின முதுகுப்பக்கம் தள்ளி ஒரு மைக்ரோபோர் டேப்ப கிழிச்சு ஒட்டி விட்டுச்சு. அந்த டேப்ப ஒட்டுன கைய நான் மறக்க மாட்டேன். பக்கத்துக்கு ரெண்டா நாலு படம், பிளேட் ஜில்லுன்னு வந்து அமுக்கும், மூச்ச பிடிக்கச் சொல்லும், எண்ணி அஞ்சு செகண்ட். பொறுத்துக்கலாம்.

சாயங்காலம் ஒரு கவர குடுத்தாங்க. பஸ்ல பிரிச்சுப் பாத்தா மேமோகிராம் ரிப்போர்ட்ல கடைசி வரியில பைராட்ஸ் 0ன்னு இருக்கு, படத்த பாத்துட்டு டாக்டர் போடற நம்பராம் அது. ஜீரோன்னா ஒண்ணுமில்லன்னு நெனச்சு வீட்டுக்கு போன் பண்ணி நார்மல்னே சொல்லிட்டேன். ராத்திரி தங்கச்சி மக, நர்சிங் படிக்கறா, அவகிட்ட போட்டோ அனுப்புனா, "பெரியம்மா, ஜீரோன்னா முடிவு சொல்ல முடியலன்னு அர்த்தம், இன்னும் பாக்கணும். 1, 2தான் நல்லது"ங்கறா. அடிவயிறு கலங்கிருச்சு. ஆஸ்பத்திரிக்கு போன் போட்டா ரேடியாலஜி டாக்டர் கெளம்பிட்டாங்க, சனி, ஞாயிறு இல்ல, திங்கக்கிழம பழைய ஃபிலிம் இருந்தா எடுத்துட்டு வாங்கன்னு வெச்சுட்டாங்க. கவர குடுக்கும்போது இதே விஷயத்த ஒருத்தர் வாயத் தொறந்து சொல்லியிருந்தா என்ன?

பழைய ஃபிலிம் 2022ல திண்டுக்கல்ல எடுத்தது. பீரோ, பரண், ட்ரங்குப் பெட்டின்னு வீட்டையே பொரட்டியாச்சு. கடைசியில ஞாயித்துக்கிழம ராத்திரி அவர்தான் கட்டில் மெத்தைக்கு அடியிலேர்ந்து எடுத்தாரு, மாமனார் முட்டி எக்ஸ்ரேவோட ஒட்டிக்கிட்டு கெடந்துச்சு.

திங்கக்கிழம டாக்டர் ரெண்டு ஃபிலிமையும் லைட் பெட்டியில பக்கத்துல பக்கத்துல மாட்டி அஞ்சு நிமிஷம்தான் பாத்தாங்க. ஜீரோ போட வெச்சது எடது பக்கம் தெரிஞ்ச ஒரு நெழல், அது 2022லயும் அதே எடத்துல அதே அளவுல இருக்கு. அல்ட்ராசவுண்டும் எடுத்தாங்க, வெறும் நீர்க்கட்டி. பைராட்ஸ் 2ன்னு மாத்தி எழுதிக் குடுத்தாங்க. எனக்கு மார்பு அடர்த்தி வகை, டைப் சி, அதுல மேமோகிராம் மட்டும் போதாது, அடுத்த தடவ ரெண்டையும் சேர்த்தே எடுத்துடுங்கன்னாங்க. இத மொதல் நாளே சேர்த்து பண்ணியிருக்கலாமேன்னு கேட்டேன், பேக்கேஜ்ல இல்லியாம்.

பேக்கேஜுக்கு காசு இல்லன்னு யாரும் தள்ளிப் போடாதீங்க. எங்க ஸ்கூல் ஆயாம்மா ஆரம்ப சுகாதார நிலையத்துல காசே இல்லாம பாத்துட்டு வந்தாங்க. 30 வயசுக்கு மேல இருந்தா அங்க மார்பையும் கையால பாப்பாங்க, கர்ப்பப்பை வாயில அசிட்டிக் அமிலத்த தடவி ஒரு நிமிஷத்துல வெள்ளையா மாறுதான்னும் பாப்பாங்க, ரிசல்ட் அப்பவே தெரிஞ்சுரும். இத லேசா நெனைக்காதீங்க. எங்க திண்டுக்கல் மாவட்டத்துலயே 2000ல இந்த அசிட்டிக் அமில சோதனைய பெரிய ஆய்வா நடத்துனாங்க, அம்பிளிக்கை ஆஸ்பத்திரியும் அதுல உண்டு, 30லேர்ந்து 59 வயசு வரைக்கும் உள்ள பொம்பளைங்களுக்கு ஊர் ஊரா நர்ஸுங்களே பாத்தாங்க. 2007ல முடிவு வந்தப்போ, பாக்காத ஊர்கள விட பாத்த ஊர்கள்ல கர்ப்பப்பை வாய் கேன்சர் சாவு 35 சதவீதம் கொறைஞ்சிருந்துச்சு. எங்க சின்னம்மா அப்ப பாத்தவங்கள்ல ஒருத்தங்க, வெள்ளைத் திட்டு இருக்குன்னு அங்கேயே அத குளிரால உறைய வெச்சு கருக்கி அனுப்பிட்டாங்க. இன்னைக்கும் ஒட்டன்சத்திரம் மார்க்கெட்ல மொளகா கமிஷன் கடைய அவங்கதான் பாத்துக்கறாங்க. அவங்களுக்கு அக்காதான் அந்தப் பெரியம்மா.

அடுத்து எங்க நாத்தனார கூட்டிட்டுப் போறேன். அவங்களுக்கு பத்தாவது நாள் வர்ற புதன்கிழம, ஆரம்ப சுகாதார நிலையத்துல கேட்டாச்சு, வாங்கன்னுட்டாங்க. என்னோட ரெண்டு ஃபிலிமையும் ஒரே கவர்ல போட்டு, மேல தேதி எழுதி, பீரோவுல பட்டுப்புடவைக்கு அடியில வெச்சுட்டேன். எங்க இருக்குன்னு இப்ப வீட்ல எல்லாருக்கும் தெரியும்.