திரும்பும் குழாயின் சூடு

திருகோணமலைத் துறைமுகத்தை ஒட்டிய ஒரு தொழிற்சாலையின் மின்பிறப்பாக்கி அறையில் எரிபொருள் கணக்கைப் பார்ப்பது நெடுங்காலம் என் பொறுப்பாக இருந்தது. மணிக்கு இத்தனை லீற்றர் என்று பாய்ச்சல்மானி காட்டுவதை மணிக்கு இத்தனை கிலோகிராம் என்று மாற்றுவது பார்வைக்கு ஒரு பெருக்கல்தான். கனவளவை அடர்த்தியால் பெருக்கினால் திணிவு வந்துவிடும். ஆனால் பெருக்குவதற்கு எடுத்த அடர்த்தி எந்த வெப்பநிலைக்குரியது என்று கேட்கத் தொடங்கினால் வேலை வளர்ந்துகொண்டே போகும்.

கிலோகிராம் எதற்கு என்று கணக்குப் பிரிவினர் அடிக்கடி கேட்பார்கள். எரிபொருள் கொண்டுவரும் பவுசர் வண்டி லீற்றரில் இறக்குகிறது, பற்றுச்சீட்டு லீற்றரில் வருகிறது, அவர்களுக்கு அது போதும். எஞ்சினுக்கோ எரியும் திணிவுதான் கணக்கு. ஒரு கிலோகிராம் டீசல் தரும் வெப்பம் ஏறத்தாழ 42 முதல் 43 மெகாயூல். பவுசருக்குப் பவுசர் அது பெரிதாக மாறுவதில்லை. லீற்றர் தரும் வெப்பம் அப்படியல்ல, அடர்த்தியோடு சேர்ந்து ஏறி இறங்கும். எஞ்சின் தயாரிப்பாளரின் சோதனை அறிக்கையும் கிலோவாற்று மணிக்கு இத்தனை கிராம் என்றுதான் பேசுகிறது.

டீசலின் அடர்த்தி 15 பாகை செல்சியஸில் கன மீற்றருக்கு 820 முதல் 860 கிலோகிராம் வரை இருக்கலாம். ஒவ்வொரு பாகை ஏறும்போதும் அதில் சுமார் 0.7 கிலோகிராம் குறையும். 15 பாகை என்பது எண்ணெய் வணிகத்தில் பல நாடுகள் ஒத்துக்கொண்ட அடிப்படை வெப்பநிலை. வாடைக் காற்று வீசும் மார்கழி விடியலில்கூடத் திருகோணமலை அதைக் கண்டதில்லை. கச்சான் வீசும் மாதங்களில் வெயிலில் நின்ற பவுசரிலிருந்து இறங்கும் டீசல் கையைச் சுடாத குறையாக வரும். ஆகவே தர அறிக்கையில் உள்ள எண்ணை அப்படியே எடுத்துப் பெருக்குவது இந்த ஊரில் ஒரு நாளும் சரிவராது.

எங்கள் பதிவேட்டில் லீற்றருக்கு 0.84 கிலோகிராம் என்ற ஒரே எண்ணை வைத்துப் பெருக்குவது எனக்கு முன்பிருந்தே வழக்கம். அதை முதலில் ஐயப்பட்டவர் எஞ்சின் அறையில் தலைநரைத்த ஓர் அண்ணன். மாத அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு, "தம்பி, எஞ்சின் இவ்வளவு சிக்கனமா ஓடுதெண்டால் தாங்கி ஏன் இந்த வேகத்தில இறங்குது?" என்று கேட்டார். தாங்கியில் அளவுக்கோலை இறக்கிப் பார்ப்பது அவருடைய காலை வேலை. கோலில் நனைந்த கோட்டை நம்புமளவுக்கு அவர் மானியை நம்பியதில்லை. கேள்வி நியாயமானது.

காரணம் திரும்பும் குழாயில் இருந்தது. டீசல் எஞ்சினுக்குள் போகும் எரிபொருள் முழுவதும் எரிவதில்லை; பம்பையும் இன்ஜெக்டர்களையும் குளிர்வித்து மசகிட்ட மிகுதி, சூடேறித் தாங்கிக்குத் திரும்புகிறது. எனவே போகும் குழாயில் ஒரு மானியும் திரும்பும் குழாயில் ஒரு மானியும் வைத்து, இரண்டின் வேறுபாட்டைச் செலவாகக் கொள்வார்கள். இரண்டும் நீள்வட்டப் பற்சக்கர மானிகள், அதாவது கனவளவை மட்டுமே எண்ணுபவை. சூட்டில் விரிந்த டீசல் திரும்பும் மானியைக் கூடுதலாகச் சுற்றவைக்கும். கழித்தால் செலவு குறைவாகத் தெரியும்.

எண்களோடு பார்த்தால் தெளிவாகும். 15 பாகையில் அடர்த்தி 840 உள்ள டீசலை எடுத்துக்கொள்வோம். போவது மணிக்கு 400 லீற்றர், 40 பாகையில். திரும்புவது 300 லீற்றர், 60 பாகையில். லீற்றரிலேயே கழித்தால் 100, அதை 0.84 ஆல் பெருக்கினால் 84 கிலோகிராம். 40 பாகைக்குரிய 0.8225 ஆல் பெருக்கிச் 'சரிசெய்தால்' 82.25 என்று இன்னும் குறையும். அரைகுறைத் திருத்தம் திருத்தாததைவிட மோசமாகும் இடம் இது. சரியான வழி, கழிப்பதற்கு முன்பே ஒவ்வொரு குழாயையும் அதனதன் வெப்பநிலையில் திணிவாக்குவது. போவது 329 கிலோகிராம். 60 பாகையில் அடர்த்தி 0.8085 என்பதால் திரும்புவது 242.55; மிகுதி 86.45. சுமை 400 கிலோவாற்று என்றால் கிலோவாற்று மணிக்கு 216 கிராம். 82.25 ஐ வைத்தால் 206 கிராம் வரும். அந்த அளவு எஞ்சினுக்கு அது நம்பமுடியாத நல்ல பெறுமானம்.

20 பாகை வேறுபாடு அடர்த்தியில் 1.7 சதவீதத்தையே மாற்றுகிறது. ஆனால் எரிவதைப்போல மூன்று மடங்கு திரும்பிப் போவதால் அந்தப் பிழையும் மூன்று மடங்காகிறது. அடர்த்தியில் ஒன்றிரண்டு சதவீதம்தானே என்று தள்ளிவிடுபவர்கள் கவனிக்காமல் விடுவது இந்தப் பெருக்கத்தைத்தான்.

அடர்த்தியை நாங்கள் நீரமானியால் அளந்தோம். உயரமான கண்ணாடிச் சாடியில் மாதிரியை ஊற்றி, குமிழி அடங்கியபின் நீரமானியை மிதக்கவிட்டு, சுவரில் ஏறி நிற்கும் விளிம்பை விட்டுத் திரவத்தின் உண்மையான மட்டத்தில் கண்ணை வைத்து வாசிக்க வேண்டும். அதே நேரத்தில் வெப்பமானியையும் வாசிக்காவிட்டால் அந்த எண்ணுக்குப் பொருளில்லை. ஊற்றிய கணத்திலிருந்தே மாதிரி ஆறத் தொடங்கிவிடும். பெற்றதை, எண்ணெயின் அடர்த்தியை வெப்பநிலைக்கேற்ப மாற்றித் தரும் ஏஎஸ்டிஎம் டி1250 அட்டவணை மூலம் 15 பாகைக்குக் கொண்டுபோய், அங்கிருந்து மானியின் வெப்பநிலைக்குக் கொண்டுவருவோம். புதிய பவுசர் வந்தால் மறுபடி அளவை.

இந்தக் குழப்பம் எஞ்சின் அறைக்கு வெளியேயும் உண்டு. திருகோணமலைச் சீனக்குடாவில் பிரித்தானியர் கட்டிய எண்ணெய்த் தாங்கிகளின் கொள்ளளவைச் செய்தித்தாள்கள் ஒரு நாள் தொன்னிலும் மறுநாள் கிலோலீற்றரிலும் எழுதும், இரண்டும் ஒன்றென்பதுபோல. ஏறத்தாழ 12,000 கன மீற்றர் கொள்ளும் ஒரு தாங்கியில், அடர்த்தி 0.74 உள்ள பெற்றோலை நிரப்பினால் 9,000 தொன்னுக்குச் சற்றுக் குறையும், 0.96 உள்ள உலை எண்ணெயானால் 11,500 தொன்னைத் தாண்டும்.

திணிவையே நேரடியாக அளக்கும் கொரியோலிஸ் மானி இரண்டு வாங்கினால் இந்தத் தொல்லையின் பெரும்பகுதி தீரும் என்று எழுதிக் கொடுத்தேன். விலையைப் பார்த்ததும் கோப்பு மூடப்பட்டது. பதிலாகப் பதிவேட்டில் இரண்டு வெப்பநிலை நிரல்கள் சேர்ந்தன, பெரிய எஞ்சினின் திரும்பும் குழாயில் ஒரு குளிர்விப்பான் பொருத்தப்பட்டது. இரு குழாய்களுக்கும் இடையே 5 பாகைதான் வேறுபாடு என்றால், மூன்று மடங்கு திரும்பினாலும் பிழை 1.3 சதவீதத்துக்குள் நிற்கும். குளிர்விப்பான் இல்லாத சிறிய எஞ்சினுக்கு இரண்டு நிரல்களையும் மணிக்கொரு தடவை நிரப்ப வேண்டியிருந்தது, இரவுப் பணியில் இருப்பவர்கள் எவ்வளவு முணுமுணுத்தாலும்.