முதல் ட்ரோபோனின் நார்மல்தான்

அப்பா இப்போது நன்றாக இருக்கிறார். எனக்குத்தான் இன்னும் எரிச்சல் அடங்கவில்லை.

நெஞ்சை அழுத்துகிறது என்றதும் அருகிலிருந்த கிளினிக்குக்குப் போனோம். சுத்தமாக வீண் அலைச்சல். ஈசிஜி மெஷின் ரிப்பேராம். கேஸ் என்று ஒரு சிரப் கொடுத்தார்கள், வலியும் குறைந்தது. "பார்த்தீங்களா, கேஸ்தான்" என்று அனுப்பிவிட்டார்கள். கேஸ் மருந்தில் வலி குறைந்தால் இதயத்தில் கோளாறு இல்லை என்று ஆகிவிடாது. மாரடைப்பு வலியும் விட்டுவிட்டு வரும். வீடு திரும்பும் வழியிலேயே மறுபடி வந்தது, இந்த முறை வியர்வையோடு.

அவசர சிகிச்சைப் பிரிவின் கவுண்டரில் இருந்தவர் தலை நிமிரவில்லை. அடையாள அட்டை, பழைய ஃபைல் நம்பர், அப்புறம் ஒரு படிவம். நெஞ்சு வலி என்று வருபவருக்கு 10 நிமிடத்துக்குள் ஈசிஜி எடுத்து டாக்டர் பார்த்துவிட வேண்டும் என்பதுதான் வழிகாட்டுதல். "நெஞ்சு வலி, வியர்த்துக் கொட்டுது" என்று உள்ளே கேட்கும்படி சத்தமாகச் சொன்னேன். ஒரு நர்ஸ் வீல்சேரோடு வந்துவிட்டார். அந்த இரண்டு வார்த்தைகளை முதலில் சொல்லுங்கள், பெயர் விலாசமெல்லாம் பிறகு.

டியூட்டி டாக்டர் முதலில் கேட்டது, வலி எப்போது தொடங்கியது என்று. அம்மா ஒன்று சொன்னார், தம்பி ஒன்று சொன்னான், அப்பா "காலையிலேர்ந்தே லேசா" என்றார். டாக்டர் விடவில்லை. இதயத் தசை பாதிக்கப்பட்டால் ரத்தத்தில் ஏறும் ட்ரோபோனின் என்ற புரதம் உடனே தெரியாது, சில மணி நேரம் பிடிக்கும். எடுத்த ரத்தத்தை நம்பலாமா கூடாதா என்பது வலி தொடங்கிய நேரத்தைப் பொறுத்தது.

அடுத்து, "பழைய ஈசிஜி இருக்கா?" இப்போது எடுத்ததில் சில இடங்களில் டி அலை, அதாவது ஒவ்வொரு துடிப்பின் கடைசியில் வரும் சின்ன மேடு, தலைகீழாக இருந்தது. முன்பே அப்படித்தானா, புதிதா என்று தெரிய வேண்டும். தம்பி வீட்டுக்கு ஓடிப் போய் ஃபைலைக் கொண்டுவந்தான். பிரித்தால் வெற்றுத் தாள்! ஈசிஜி தாள் வெப்பத்தில் அச்சாகும் வகை, நாளாக ஆக மங்கிவிடும். கட்டம்கூட அரைகுறையாகத்தான் தெரிந்தது. நல்லவேளை, கண் அறுவைக்கு முன் எடுத்த ஈசிஜியை என் போனில் படம் பிடித்து வைத்திருந்தேன். அதில் டி அலைகள் நிமிர்ந்து இருந்தன. டாக்டர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "இது புதுசு" என்றார். அன்றைக்கு எனக்குக் கிடைத்த ஒரே வெற்றி அதுதான். ஈசிஜி எடுத்த அன்றே போனில் படம் எடுத்துவிடுங்கள்.

இதற்கிடையில் மாமா, "ஆக்சிஜன்கூட வைக்கலையே" என்று சத்தம் போட்டார். அப்பாவுக்கு ஆக்சிஜன் அளவு 97. அளவு சரியாக இருப்பவருக்கு ஆக்சிஜன் கொடுப்பதால் உயிர் பிழைப்பது கூடவில்லை என்று ஸ்வீடனில் 6,000 பேருக்கு மேல் வைத்துச் செய்த ஆய்வு 2017இல் வந்திருக்கிறது என்றார் டாக்டர். ரத்தக் கசிவு, அலர்ஜி உண்டா என்று கேட்டுவிட்டு ஆஸ்பிரினை மட்டும் மென்று விழுங்க வைத்தார். மாமாவுக்குத் திருப்தியில்லை.

முதல் ட்ரோபோனின் நார்மல். உடனே வீட்டார் செருப்பைத் தேட ஆரம்பித்துவிட்டார்கள். டாக்டர் ஒரு தாளில் கூட்டிக் காட்டினார்: வலியின் தன்மை, ஈசிஜி, வயது, சர்க்கரை, பிரஷர், கொழுப்பு போன்ற ஆபத்துக் காரணிகள், ட்ரோபோனின். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 2 வரை மதிப்பெண். ஹார்ட் ஸ்கோர் என்கிறார்கள், நெதர்லாந்தில் உருவானது. 3 வரை வந்தால் வீட்டுக்கு அனுப்புவதைப் பற்றி யோசிக்கலாம். ட்ரோபோனினுக்கு 0 போட்டும் அப்பாவுக்கு 6 வந்தது. இன்னொரு முறை ரத்தம் பார்க்காமல் அனுப்ப முடியாது என்றுவிட்டார்.

அந்த இரண்டாவது ரத்தம்தான் நழுவப் பார்த்தது. ஷிஃப்ட் மாறியது. சொன்ன நேரம் தாண்டியும் யாரும் வரவில்லை. போய்க் கேட்டால், "ரிசல்ட் நார்மல்னு வந்தாச்சே சார்" என்கிறார் புதிதாக வந்தவர். சார்ட்டைத் திறந்து பார்க்கச் சொல்லி நின்றேன். முகத்தைச் சுளித்துக்கொண்டே எடுத்தார்கள். அதில் ட்ரோபோனின் நன்றாகவே ஏறியிருந்தது.

ஆஞ்சியோ, ஸ்டென்ட் எல்லாம் சிக்கலில்லாமல் முடிந்தன.

டிஸ்சார்ஜ் அன்று இன்னொரு கூத்து. ஸ்டென்ட் வைத்தவருக்கு ஆஸ்பிரினோடு ரத்தம் கட்டாமலிருக்க இன்னொரு மாத்திரையும் பல மாதங்களுக்கு வேண்டும். டாக்டரைக் கேட்காமல் நிறுத்தவே கூடாது. மருந்துச் சீட்டில் ஆஸ்பிரின் மட்டும்தான் இருந்தது. வார்டு நர்ஸ் சார்ட்டோடு ஒப்பிட்டுப் பார்த்து, "விட்டுப் போச்சு" என்று எழுதி வாங்கிக்கொடுத்தார். அதற்குப் பிறகுதான் கையெழுத்துப் போட்டேன்.