உடம்பு தேறிய பிறகும் நான்கு மாதம்

காசநோய்ப் பிரிவில் வேலை பார்க்கும் எங்களுக்கு முதல் மாத நோயாளியைப் பற்றி அவ்வளவு கவலை இருக்காது. இருமலும் காய்ச்சலும் வாட்டும்போது மாத்திரையை யாரும் மறப்பதில்லை. இருமல் நின்று, பசி திரும்பி, கன்னத்தில் சதை பிடித்த பிறகுதான் நாங்கள் வீடு தேடி நடக்க ஆரம்பிப்போம். "இப்போ நல்லாத்தானேக்கா இருக்கேன்?" இதை ஒரு விளையாட்டு வீரன் கேட்டால் எனக்குப் பயம் இரட்டிப்பாகும். அவன் தன் உடம்பின் பேச்சைக் கேட்டே வளர்ந்தவன்.

அப்படி ஒரு பையன், வியாசர்பாடியில். முல்லை நகர் மைதானத்தில் கால்பந்து ஆட்டத்தில் விங்கில், அதாவது ஓரத்தில், ஓடியவன். இந்தியாவுக்கு ஆடிய தனபால் கணேஷ் வளர்ந்த பகுதி இது. 'மினி பிரேசில்' என்றே பெயர். மூச்சு வாங்கியபோது பயிற்சி போதவில்லை என்று இன்னும் இரண்டு சுற்று ஓடியிருக்கிறான். எடை குறைந்ததும் கூட்டாளிகள் 'செம ஃபிட்' என்றார்கள். சாயங்காலக் காய்ச்சலுக்கு வெயிலைக் காரணம் சொன்னான். 2011 மார்ச் 20 அன்று சேப்பாக்கத்தில் யுவராஜ் சிங் வாந்தி எடுத்துக்கொண்டே மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிராக 113 அடித்தபோது நாமும் வெயில் என்றுதானே நினைத்தோம்? நெஞ்சுக்குள் கட்டி இருந்தது பிறகுதான் தெரிந்தது. பழகிய உடம்பு நோயை நெடுநாள் மறைத்துவிடும்.

இரண்டு வாரம் தாண்டியும் இருமல் நிற்கவில்லை என்று கோச்தான் அனுப்பி வைத்தார். சளியில் கிருமி இருந்தது. காசநோய் மருந்துகளில் ஒன்றான ரிஃபாம்பிசின் சிறுநீரை ஆரஞ்சு நிறமாக்கும் என்று எல்லாரிடமும் முன்கூட்டியே சொல்லிவிடுவேன். சொல்லாவிட்டால் ரத்தம் என்று பயந்து நிறுத்திவிடுவார்கள். அவனுக்கு அந்தப் பயம் வரவில்லை. தட்டையும் டம்ளரையும் மட்டும் தானே தனியாக எடுத்து வைத்துக்கொண்டான். அதைப் பார்த்து அவன் அம்மா அழுதார். தட்டால் பரவாது, காற்றில்தான் பரவும், மாஸ்க் போட்டுக்கொள், ஜன்னலைத் திறந்து வை என்றேன். அந்த வீட்டின் ஒரே ஜன்னல் பக்கத்து வீட்டுச் சுவரைப் பார்த்திருந்தது.

"இந்த வூட்ல வெச்சிக்கினா எப்படிம்மா சரியாவும்?" என்றார் அந்த அம்மா. நியாயமான கேள்வி. அதற்கான பதில் இதே ஊரில் கிடைத்தது. 1956-ல் சென்னையில் தொடங்கிய ஆய்வில், ஏழை நோயாளிகளில் ஒரு பகுதியினரை சானடோரியம் என்ற காசநோய் மருத்துவமனையிலும் மற்றவர்களை அவரவர் வீட்டிலும் வைத்து ஒரே மருந்தைத் தந்தார்கள். சானடோரியத்தில் ஓய்வும் நல்ல சாப்பாடும் கூடுதல். இருந்தும் 1959-ல் வந்த முடிவில், நெரிசலான வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவுக்குக் குணமாகியிருந்தார்கள். காசநோய்க்கு வீட்டிலேயே சிகிச்சை தரலாம் என்று உலகம் ஏற்றுக்கொள்ள அது வழி செய்தது. நம்ம மெட்ராஸ் ஜனங்க நிரூபிச்சதும்மா என்றேன். கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன்.

இரண்டாவது மாதம் முடியும் சமயம் நான் எதிர்பார்த்த கேள்வி வந்தது. எடை ஏறியிருந்தது, யாருக்கும் தெரியாமல் மைதானத்துக்கும் போய் வந்திருந்தான். "வயித்தப் பொரட்டுதுக்கா. ரெண்டு மூணு நாள் வுட்டா இன்னா?" வேகமாகப் பெருகும் கிருமிகள் முதல் சில வாரங்களிலேயே பெரும்பாலும் செத்துவிடும், பதுங்கிக் கிடப்பவை மெதுவாகத்தான் சாகும், நடுவில் விட்டால் மருந்துக்கு அடங்காத கிருமியாகத் திரும்பலாம் என்று விளக்கினேன். இன்னும் நான்கு மாதம். தலையாட்டினானே தவிர, முகத்தில் பிடிப்பில்லை.

அவனைத் திருப்பியது நானில்லை. பௌர்ணமி அன்று அவன் அம்மா காலையில் மேலூர் திருவுடையம்மன், உச்சியில் திருவொற்றியூர் வடிவுடையம்மன், சாயங்காலம் வடதிருமுல்லைவாயில் கொடியிடையம்மன் என்று ஒரே நாளில் மூன்று கோயிலும் பார்ப்பவர். அந்த முறை இவனையும் கூட்டிப்போனார். மேலூரிலேயே இவனுக்குக் கால் ஓய்ந்துவிட்டது. அம்மா திரும்பவில்லை, உட்கார்ந்து உட்கார்ந்து மூன்றையும் முடித்திருக்கிறார்கள். அடுத்த வாரம் வந்தபோது சொன்னான்: "ஒரு கோயிலோட போதும்னு எங்கம்மா வர்லக்கா. நானும் பாதில வுட மாட்டேன்."

அதன்பின் ஒரு வழக்கம். மைதானத்தில் இறங்கும்முன் கோட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வானே, அதேபோல மாத்திரையையும் ஒற்றிக்கொண்டு விழுங்குவான். சிகிச்சை நடக்கும் இடத்தில் சாமிப் பேச்சு எதற்கு என்று நினைப்பவர்கள் எங்களிலும் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. பலன் கண்ணுக்குத் தெரியாத நான்கு மாதத்தைத் தாண்ட ஒருவருக்கு ஏதாவது பிடிமானம் வேண்டும். அவனுக்கு அது அம்மனிடமும் அம்மாவிடமும் கிடைத்தது, பயிற்சியில் பழகிய ஒழுங்கும் துணைக்கு நின்றது. மந்திரித்த கயிறு இருக்கிறது, மாத்திரை வேண்டாம் என்று யாராவது சொன்னால்தான் நான் சண்டைக்குப் போவேன்.

ஆறு மாதம் முடிந்து சளியில் கிருமி இல்லை என்று வந்தது. எக்ஸ்ரேயில் தழும்பு இருக்கிறது. பழைய வேகம் இன்னும் வரவில்லை, கோச் இரண்டாம் பாதியில் மட்டும் இறக்குகிறார். யுவராஜ் 2012 செப்டம்பரில் அதே சேப்பாக்கத்தில் திரும்பி வந்து ஆடினார் என்று அவனே எனக்குச் சொன்னான். சிகிச்சை முடிந்தாலும் இரண்டு வருடம் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனைக்கு வர வேண்டும். அன்று மேட்ச் இருந்தால் காலையிலேயே வந்துவிட்டுப் போகச் சொல்லியிருக்கிறேன்.