உள்பக்கம் திருப்பிப் பார்த்த ஸ்வெட்டர்

கடையில் ஸ்வெட்டர் தொங்கினால் போதும், என் கை தானாக அதை உள்பக்கம் திருப்பிவிடும். தோளில் தையல் எப்படி ஓடுகிறது, அக்குளில் கண்ணியை, அதாவது ஊசியில் ஏறும் வளையங்களை, எங்கே குறைத்திருக்கிறார்கள், கழுத்துப்பட்டி தனியாகப் பின்னி வைத்துத் தைத்ததா அல்லது உடம்போடு சேர்த்து எடுத்ததா என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பேன். ஒருமுறை கோயம்புத்தூரில் ஒரு பெரிய கடையில் இப்படி நின்றபோது, விற்பனைக்கு நின்ற பெண், "என்னக்கா, டேமேஜ் ஏதாவது இருக்கா?" என்று பதறி வந்தாள். "இல்லம்மா, இதே மாதிரி பின்னணும், அதான் பாக்குறேன்" என்றேன். உள்ளே போய் இன்னும் இரண்டு ரகம் எடுத்து வந்து என் முன்னால் விரித்துவிட்டாள். அவளுடைய பாட்டியும் பின்னுவாராம்.

குன்னூரில் பிறந்து வளர்ந்தவள் நான். எங்கள் வீட்டில் பின்னல் என்றால் பள்ளிக்கூட ஸ்வெட்டர்தான். மெரூன் நிறம், வி கழுத்து, 10ஆம் நம்பர் ஊசி. அம்மாவுக்கு எல்லாம் மனப்பாடம். வயது எட்டு என்றால் இத்தனை கண்ணி, பத்து என்றால் இத்தனை. ஜூனில் கை குட்டையாகிவிட்டால் பட்டியைப் பிரித்து, கண்ணியை ஊசியில் ஏற்றி, இரண்டு அங்குலம் நீட்டிவிடுவார். எனக்கும் அது ஒன்றுதான் தெரியும். என் மகள் ஒரு படத்தைக் காட்டும்வரை வேறு விதமாகப் பின்ன வேண்டும் என்ற எண்ணமே எனக்கு வந்ததில்லை.

2020 பிப்ரவரியில் பாடகர் ஹாரி ஸ்டைல்ஸ் அமெரிக்கத் தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றின் ஒத்திகைக்குப் போட்டுவந்த கார்டிகன் அது, முன்பக்கம் திறக்கும் ஸ்வெட்டர். பல வண்ணச் சதுரங்களை ஒட்டுப்போட்டது போல இருக்கும். ஜே.டபிள்யூ. ஆண்டர்சன் என்ற லண்டன் ஃபேஷன் நிறுவனத்துடையது. விலை ஆயிரம் பவுண்டுக்கு மேல். ஊரடங்கில் வீட்டுக்குள் இருந்த பிள்ளைகள் உலகம் முழுக்க அதைப் பார்த்துப் பார்த்துத் தாங்களே பின்னி டிக்டாக்கில் போட ஆரம்பித்தார்கள். அதைப் பார்த்த அந்த வடிவமைப்பாளர் ஜோனதன் ஆண்டர்சன் வழக்குப் போடவில்லை, அதைப் பின்னும் முறையைச் சொல்லும் பேட்டர்னையே இலவசமாக வெளியிட்டார். அந்த வருட முடிவுக்குள் லண்டன் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகம் ஒரு கார்டிகனைத் தன் சேகரிப்பில் சேர்த்துக்கொண்டது. விற்கிற பொருளின் சூட்சுமத்தை இப்படிக் கையில் எடுத்துக் கொடுத்தாரே, அந்த மனசுக்கு நான் இன்றும் நன்றி சொல்கிறேன்.

"அம்மா, இது மாதிரி பின்னித் தர்றியா?" என்றாள் மகள். சரி என்று ட்ரங்குப் பெட்டியைத் திறந்தேன். கடை எல்லாம் மூடியிருந்த நேரம். இருபது வருடத்து மிச்ச நூல் உள்ளே இருந்தது. மெரூன், நேவி ப்ளூ, பாட்டில் பச்சை, கொஞ்சம் கடுகு மஞ்சள். பாதிக்கு மேல் அக்ரிலிக். பேட்டர்னில் சொன்ன தடித்த கம்பளி நூல் எங்கே கிடைக்கும்? நம் நூலையே இரட்டையாகச் சேர்த்து 4ஆம் நம்பர் ஊசியில் பின்னினேன் (நம்பர் குறையக் குறைய ஊசி பருமனாகும்). அங்குலத்துக்கு 3 கண்ணி வந்தது. 7 அங்குலச் சதுரத்துக்கு 21, தையலுக்கு 2, ஆக 23 கண்ணி. முதுகுக்கு மட்டும் 12 சதுரம்.

பின்னி முடித்துத் தராசில் வைத்தால் ஒன்றேகால் கிலோ. அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். அலசி, பிழிந்து, வழக்கம் போலக் கொடியில் போட்டேன். சாயங்காலம் போய்ப் பார்த்தால் கார்டிகன் முழங்காலுக்கு இறங்கியிருந்தது. தோள் முழங்கைப் பக்கம் தொங்கியது. நூல் குடித்த தண்ணீரின் கனம் அத்தனை கண்ணியையும் கீழே இழுத்துவிட்டது. மகள் ஒன்றும் சொல்லவில்லை. போட்டுப் பார்த்துவிட்டு மடித்து வைத்தாள். அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை.

மறுநாள் அவளுடைய பழைய ரெடிமேட் ஸ்வெட்டர் ஒன்றை எடுத்து, ஜன்னல் வெளிச்சத்தில் உள்பக்கம் திருப்பினேன். பள்ளிக்கூட ஸ்வெட்டர் எதுவும் சொல்லித்தராத மூன்று சங்கதி அதில் இருந்தது.

முதலாவது நூல். பார்க்கப் பருமன், கையில் எடுத்தால் பஞ்சு. ஓர் இழையைக் குண்டூசியால் நெம்பிப் பார்த்தேன். முறுக்கிய நூலே இல்லை. வலை போல ஒரு மெல்லிய குழாய், அதற்குள் ரோமத்தைக் காற்றில் ஊதி அடைத்திருக்கிறார்கள். பருமனில் பெரும்பங்கு காற்றுதான். நானோ அந்தப் பருமனுக்காக இரண்டு இழை அக்ரிலிக்கைத் திணித்திருந்தேன்.

இரண்டாவது தோள். தையலோடு சேர்த்து ஒரு மெல்லிய நாடா, கழுத்து ஓரத்திலிருந்து கை ஆரம்பிக்கும் இடம்வரை. ஸ்வெட்டரின் மொத்தக் கனமும் தொங்குவது அந்த நாடாவில்தான். பின்னல் எவ்வளவு வேண்டுமானாலும் இழுபடும், நாடா இழுபடாது. நாற்பது வருடமாக ஊசி பிடிக்கிறேன், இதை ஒருவரும் எனக்குச் சொன்னதில்லை.

மூன்றாவது அக்குள். அம்மா எப்போதும் ஓரக் கண்ணியில்தான் குறைப்பார். ஓரம் பல் பல்லாக வரும், தைக்கும்போது மறைத்துவிடுவார். இந்த ஸ்வெட்டரில் ஓரத்திலிருந்து மூன்று கண்ணி தள்ளிக் குறைத்திருந்தது. வெளிப்பக்கம் ஒரு சாய்ந்த வரியாகச் சின்னச் சின்னப் புள்ளிகள் தெரிந்தன. நல்ல ரெடிமேட் உருப்படிக்கு அது ஓர் அடையாளம். மெஷினில் நீளத் துணியாகப் பின்னி, பிறகு வெட்டித் தைத்ததில் அந்தப் புள்ளி வராது, ஒவ்வொரு பாகத்தையும் அளவுக்கு வடிவமாகவே பின்னினால்தான் வரும். கையால் செய்வதற்கு அதைவிட லேசான வேலை கிடையாது. ஓரத்தில் மூன்று கண்ணி பின்னு, அடுத்த இரண்டைச் சேர்த்து எடு, அவ்வளவுதான்.

கார்டிகனை முழுக்கப் பிரித்தேன். பிரித்த நூல் நூடுல்ஸ் போலச் சுருண்டு கிடக்கும். அதை நாற்காலி முதுகில் சுற்றிச் சிட்டமாக்கி, நாலு இடத்தில் கட்டி, வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்து, ஈரத்தோடு ஆணியில் மாட்டி அடியில் ஒரு கரண்டியைக் கட்டித் தொங்கவிட வேண்டும். காய்ந்தால் சுருள் போய்விடும். ஜூலை மழையில் குன்னூரில் ஒரு சிட்டம் காய மூன்று நாள் ஆனது.

இந்த முறை ஒற்றை இழை, 6ஆம் நம்பர் ஊசி, அங்குலத்துக்கு 4 கண்ணி. சதுரத்துக்கு 30 கண்ணி. தோளில் பருத்தி நாடா. அலசியதும் துண்டில் சுருட்டி அமுக்கி ஈரத்தை எடுத்துவிட்டு, கட்டிலில் வேறொரு துண்டை விரித்து, அளவு பார்த்துப் பரப்பிக் காயவைத்தேன். எடை 640 கிராம். மூலத்தில் இருந்த பருமன் என்னுடையதில் இல்லை. ஆனால் அந்த அகலமான தோற்றம், இறங்கிய தோள், பெரிய சதுரங்கள், எல்லாம் அப்படியே வந்தன. மகள் இன்னும் பெங்களூரில் அதைப் போட்டுக்கொண்டுதான் ஆபீஸ் போகிறாள்.

அதற்குப் பிறகு ரெடிமேட் பார்த்துப் பின்னுவதே என் வழக்கமாகிவிட்டது. எல்லாவற்றையும் தொடமாட்டேன். மெஷினில் கேஜ் என்றால் ஓர் அங்குலத்துக்கு எத்தனை ஊசி என்ற கணக்கு. மெல்லிசு ஸ்வெட்டர் 12, 14 கேஜில் ஓடும். என் 10ஆம் நம்பர் ஊசியில் அங்குலத்துக்கு 7 கண்ணிக்கு மேல் வராது. அந்த மெல்லிசைக் கையால் துரத்துவது வீண். 3 கேஜ், 5 கேஜில் வரும் தடித்த ரகம் என்றால் நம் கைக்கு வசப்படும். ஊட்டி தாவரவியல் பூங்கா பக்கத்தில் திபெத்தியர் கடை வரிசையில் பஞ்சாபின் லூதியானா சரக்கு மலைபோல் குவிந்திருக்கும். நான் அங்கே இஞ்ச் டேப்போடு போவேன். மார்பு, நீளம், கை அகலம், கழுத்து ஆழம், இந்த நாலையும் குறித்துக்கொள்வேன். கண்ணியை எண்ணமாட்டேன். அது அவர்கள் நூலின் கணக்கு. என் நூலில் ஒரு சதுரம் பின்னி, அலசி, காயவைத்து எண்ணினால்தான் என் கணக்கு கிடைக்கும். (மெல்லிய ரோமத்துக்குப் பேர்போன நீலகிரி ஆட்டுக்கு ஊட்டி பக்கத்தில் சாண்டிநல்லாவில் ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது. என் கைக்கு வரும் நூல் மட்டும் லூதியானாவிலிருந்து வருகிறது. அது எனக்கு ஒரு பெரிய குறை.)

பார்த்துப் பின்னுவது திருட்டு ஆகாதா என்று ஒரு தோழி கேட்டாள். விற்க மாட்டேன், எங்கே பார்த்தேன் என்பதையும் மறைக்க மாட்டேன். இன்னொன்றும் சொன்னேன். 1927இல் பாரிசில் எல்சா ஷியாபரெல்லி என்ற ஃபேஷன் வடிவமைப்பாளருக்குப் பேர் வாங்கித் தந்த கறுப்பு ஸ்வெட்டர், கழுத்தில் வெள்ளை வில்முடிச்சு கட்டியது போலவே தெரியுமே, அதைப் பின்னியது ஓர் ஆர்மீனியப் பெண்ணின் கை. முதல் இரண்டும் சரியாக வரவில்லை, மூன்றாவதுதான் தேறியது. கடைக்குப் போன அந்த ஃபேஷனே ஒரு பெண் வீட்டில் ஊசி பிடித்ததிலிருந்து வந்ததுதானே.

இப்போது ஊசியில் இருப்பது பலூன் கை வைத்த ஒரு கார்டிகன். மேட்டுப்பாளையம் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் உட்கார்ந்திருந்த பெண் போட்டிருந்தாள். பர்லியாறு தாண்டுவதற்குள் பஸ் டிக்கெட்டின் பின்பக்கம் வரைந்துகொண்டேன். மணிக்கட்டுப் பட்டிக்கு 8ஆம் நம்பர் ஊசியில் 38 கண்ணி, இரண்டு நிட் (நேர்க் கண்ணி), இரண்டு பர்ல் (மறுபக்கக் கண்ணி). பட்டி முடிந்த அடுத்த வரியில் ஒவ்வொரு கண்ணியையும் இரண்டாக்கி 76. இடது கை நேற்று முடிந்தது. தலையணை உறை போல உப்பி, மேஜைமேல் உட்கார்ந்திருக்கிறது. வலது கைக்கு நூல் அரைக் கண்டுதான் மீதி, திங்கட்கிழமை கடை திறந்ததும் அதே சாயத்தில் கிடைக்கிறதா என்று பார்க்க வேண்டும்.