பீன்யா பட்டறையில் டியூப் லைட்டை மாற்றிய கதை

போன மாதம் எங்கள் பட்டறையில் இருந்த 18 டியூப் லைட்டையும் கழற்றிவிட்டு எல்.இ.டி போட்டு முடித்தேன். அப்பா ஆரம்பித்த, இரும்பு கடைகிற லேத் பட்டறை இது, பெங்களூரு பீன்யாவில். மூன்று லேத், ஒரு மில்லிங், ஒரு டிரில்லிங், மூலையில் ஒரு கிரைண்டர். லைட் மாற்றுவதெல்லாம் ஒரு வேலையா, எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டால் அரை நாளில் முடிந்துவிடும் என்றுதான் பக்கத்துப் பட்டறைக்காரர்கள் சொன்னார்கள். எனக்கு மூன்று ஞாயிற்றுக்கிழமை ஆனது. ஏன் ஆனது என்று எழுதிவைத்தால் மெஷின் வைத்திருக்கிற யாருக்காவது பயன்படும்.

கரண்ட் பில்லுக்காக மட்டும் நான் இதில் இறங்கவில்லை. எனக்கு 19 வயது இருக்கும்போது நடந்த ஒன்று இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. ராத்திரி ஷிப்ட், இரண்டாவது லேத்தில் பெல்ட் நழுவுகிறது என்று அதன் பாதுகாப்பு மூடியைக் கழற்றி வைத்திருந்தோம். மேலே மூன்று டியூப்பில் இரண்டு ஃபியூஸ் போய் வாரக்கணக்கில் மாற்றாமல் கிடந்தது, ஒன்றுதான் எரிந்தது. நான் திரும்பிப் பார்க்கும்போது மோட்டார் புல்லி, நான்கு ஆரக்கால் வைத்த வார்ப்பிரும்பு புல்லி, மெதுவாகப் பின்பக்கமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. யாரோ ஆஃப் பண்ணிவிட்டார்கள், நிற்கப் போகிறது என்று நினைத்துக்கொண்டேன். மற்ற மெஷின்களின் சத்தத்தில் இது ஓடுகிறதா இல்லையா என்று காதால் கண்டுபிடிக்க வழியில்லை. பெல்ட்டைத் தொட்டுப் பார்க்கக் கையை நீட்டினேன். லேத்தில் கடைகிற எங்கள் மூத்த டர்னர், நான் மாமா என்று கூப்பிடுபவர், என் கையில் ஓங்கி ஒரு அடி அடித்துத் தள்ளிவிட்டார். "தம்பி, அது ஓடுது!" என்று கத்தினார். ஸ்விட்ச் ஆன் நிலையில்தான் இருந்தது.

அன்றைக்கு என் கண் என்னை ஏமாற்றியதற்குக் கணக்கு இருக்கிறது. நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 50 அலை. டியூப் லைட் ஒவ்வொரு அரை அலையிலும் ஒரு முறை மங்கும், அதாவது நொடிக்கு 100 முறை மங்கி எரியும். மோட்டாரின் வேகம் 1440 ஆர்.பி.எம் (நிமிடத்துக்கு 1440 சுற்று), நொடிக்கு 24 சுற்று. ஒரு மினுக்கலுக்கும் அடுத்த மினுக்கலுக்கும் நடுவில் புல்லி 0.24 சுற்று போகிறது. நான்கு ஆரக்கால் என்பதால் கால் சுற்று போயிருந்தால் ஒன்றின் இடத்துக்கு அடுத்த ஆரக்கால் வந்து அப்படியே நிற்பது போலத் தெரியும். அதைவிடக் கொஞ்சம் குறைவாகப் போவதால் நொடிக்கு ஒரு சுற்று வீதம் பின்னால் போவது போலத் தெரிகிறது. இதே கணக்கில் லேத்தில் இரும்பைக் கவ்விப் பிடிக்கிற மூன்று தாடைச் சக் 2000 ஆர்.பி.எம்மில் நிற்பது போலத் தெரியும், ஆறு ஆரக்கால் சக்கரம் 1000 ஆர்.பி.எம்மிலேயே. பட்டறை லைட்டைப் பற்றி யோசிக்கும் எவரும் முதலில் யோசிக்க வேண்டியது இதைத்தான் என்பது என் கருத்து.

பழைய ஆட்களுக்கு இது நன்றாகத் தெரியும். அதனால்தான் பக்கத்துப் பக்கத்து டியூப்பை ஆர், ஒய், பி என்று மூன்று ஃபேஸிலும் மாற்றி மாற்றிக் கொடுப்பார்கள். ஒன்று மங்கும் நேரத்தில் மற்ற இரண்டும் ஈடுகட்டும். அப்பாவும் அப்படித்தான் வயரிங் செய்திருந்தார். அன்று இரண்டு டியூப் செத்துக் கிடந்ததால் ஒரே ஃபேஸ் வெளிச்சம்தான் மிஞ்சியது.

சரி, எல்.இ.டி போட்டால் இந்தத் தொல்லை தீருமா? டியூப்புக்குள் கரண்டைச் சீராக்கித் தரும் டிரைவர் சர்க்யூட் நல்லதாக இருந்தால் தீரும். உள்ளே ஏ.சியை டி.சியாக்கிக் கெப்பாசிட்டர் போட்டுச் சமப்படுத்தினால் வெளிச்சம் ஆடாது. ஆனால் விலை குறைக்க அந்தக் கெப்பாசிட்டரைச் சின்னதாகப் போட்டோ, போடாமலோ விடுகிறார்கள். அப்போது டியூப் லைட்டைவிட மோசம், ஏனென்றால் டியூப்பில் உள்ளே பூசிய பாஸ்பர் கொஞ்ச நேரமாவது ஒளிரும், எல்.இ.டி கரண்ட் குறைந்த கணமே மங்கிவிடும். பில் குறையட்டும் என்று மலிவாக வாங்கி மாட்டினால், முன்பு இருந்ததைவிட ஆபத்தான வெளிச்சத்தைக் காசு கொடுத்து வாங்கியதாகிவிடும்.

அதனால் பி.வி.கே அய்யங்கார் ரோட்டில் நான்கு விதமான 20 வாட் டியூப்பில் ஒவ்வொன்றுதான் முதலில் வாங்கினேன். பட்டறை ஜன்னலை எல்லாம் மூடிவிட்டு ஒவ்வொன்றாக எரியவிட்டு மொபைலில் ஸ்லோ மோஷனில் எடுத்துப் பார்த்தேன். இரண்டு டியூப்பில் படம் பளிச் பளிச் என்று துடித்தது. மாமாவுக்கு மொபைல் தேவைப்படவில்லை. ஆறு அங்குல ஸ்டீல் ஸ்கேலை எடுத்து டியூப்புக்குக் கீழே விசிறி மாதிரி வேகமாக ஆட்டினார். நல்ல டியூப்புக்குக் கீழே ஸ்கேல் ஒரே மங்கலான பட்டையாகத் தெரிந்தது. மோசமானதன் கீழே தனித்தனியாகப் பத்துப் பன்னிரண்டு ஸ்கேல்கள், விரித்த சீட்டுக்கட்டு மாதிரி. "இது வேணாம் தம்பி" என்று கழற்றச் சொல்லிவிட்டார். நீங்களும் கடையிலேயே இதைச் செய்து பார்க்கலாம், ஒரு பேனா போதும்.

அப்புறம் வயரிங். பழைய பட்டியில், அதாவது டியூப்பை மாட்டுகிற சட்டத்தில், கரண்டைக் கட்டுப்படுத்தத் தாமிரச் சோக் இருக்கும். அந்தச் சோக்கைத் தொடாமல், ஸ்டார்ட்டர் இடத்தில் கூடவே வரும் டம்மியைப் போட்டு எல்.இ.டியை மாட்டுகிற வகை ஒன்று உண்டு. ஐந்து நிமிட வேலைதான். ஆனால் சோக் லைனிலேயே இருக்கும், அது தின்பதைத் தின்னும், அதன் ரீங்காரமும் போகாது. எங்கள் சோக்குகளின் வயது முப்பதுக்கு மேல், அதனால் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு நேராக 230 வோல்ட் கொடுக்க முடிவு செய்தேன். இதிலும் இரண்டு விதம். சில டியூப்புக்கு ஒரு முனையில் ஃபேஸ், மறு முனையில் நியூட்ரல். அதை ஒரு பக்கம் ஹோல்டரில் செருகிக்கொண்டு மறு பக்கத்தைக் கையில் பிடித்திருக்கும்போது அந்தப் பின்னில் கரண்ட் இருக்க வாய்ப்புண்டு. ஏணி மேல் நிற்கிறவனுக்கு அது உயிர்ப் பிரச்சினை. ஒரே முனையில் இரண்டும் வருகிற வகையை நான் எடுத்தேன், மறு முனை ஹோல்டர் வெறும் தாங்கிதான். ஆனால் நாளைக்கு யாராவது தெரியாமல் அதே பட்டியில் பழைய டியூப்பை மாட்டினால் அதன் இழை நேராக 230 வோல்ட்டில் மாட்டி அந்த நொடியே வெடித்த மாதிரி எரிந்துபோகும். அதனால் ஒவ்வொரு பட்டியிலும் 'எல்.இ.டி மட்டும், சோக் இல்லை' என்று தமிழிலும் கன்னடத்திலும் பெயின்ட்டில் எழுதிவைத்தேன். ஹோல்டர்கள் தொட்டாலே பொடிந்தன, 18 ஜோடியும் புதிது. மெயினை அணைத்து, டெஸ்டர் வைத்துப் பார்த்து, பட்டிக்கு எர்த் கொடுத்துத்தான் மற்ற வேலை.

மாட்டி முடித்து முதல் நாள் சாயங்காலம் ஸ்விட்ச் போட்டதும் எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. தரை பளிச்சென்று இருக்கிறது, கூரை குகை மாதிரி இருட்டு. டியூப் லைட் நாலா பக்கமும் வெளிச்சம் விடும், கூரையிலும் சுவரிலும் பட்டுத் திரும்பி வரும். எல்.இ.டி டியூப் கீழ்ப்பக்கம் மட்டும்தான். லேத் முன்னால் நிற்கிற ஆளின் தலை நிழல் நேராகக் கடைகிற ஜாப் மேல் விழுந்தது. பழைய பட்டிகள் நடக்கிற பாதைக்கு மேலே, ஆளின் முதுகுக்குப் பின்னால் ஓடின. அதை இத்தனை வருஷமாக யாரும் கவனிக்கவில்லை, கூரை வெளிச்சம் நிழலைக் கரைத்துவிட்டிருந்தது. அடுத்த ஞாயிறு முழுக்கப் பட்டிகளைக் கழற்றி, ஒவ்வொரு லேத்துக்கும் முன்பக்கம் ஒரு வரிசை, பின்பக்கம் ஒரு வரிசை வருகிற மாதிரி சங்கிலியில் தொங்கவிட்டோம். சுவருக்கு வெள்ளை அடித்தோம். வெளிச்சத்தை அளக்க இரவல் வாங்கிய லக்ஸ் மீட்டரில் சக் பக்கத்தில் முன்பு 140 காட்டியது, இப்போது 390. மெஷின் வேலைக்கு 300க்குக் கீழே போகக் கூடாது என்பார்கள். நிறத்தில் 6500 கெல்வின் நீல வெள்ளை வேண்டாம் என்று 4000 எடுத்தேன். பளபளக்கிற இரும்பில் 6500 கண்ணைக் கூசவைக்கிறது, டூலைச் சூடாக்கிப் பதம் ஏற்றும்போது வைக்கோல் நிறம் எப்போது வருகிறது என்றும் அதில் சரியாகத் தெரிவதில்லை. மாமா அளவு பார்க்கிற வெர்னியரில் 0.02 மி.மீ கோட்டைப் பார்க்க வாசல் பக்கம் போவார், இப்போது லேத் பக்கத்திலேயே நின்று படிக்கிறார்.

பில் கணக்கும் சொல்லிவிடுகிறேன். பழையது சோக்கோடு சேர்த்து ஒன்றுக்கு 50 வாட், 18க்கு 900. புதியது 360. ஒரு நாளைக்கு 10 மணி நேரம், மாதம் 26 நாள் என்றால் 140 யூனிட் மிச்சம்.

நடுவில் ஒரு அடியும் வாங்கினேன். மூன்று ஃபேஸ் ஏற்பாட்டை விடக் கூடாது என்று எல்.இ.டிக்கும் அதையே தொடர்ந்தேன். எங்கள் போர்டில் பொது நியூட்ரல் திருகு தளர்ந்திருந்தது எனக்குத் தெரியாது. ஒரு புதன்கிழமை காலையில் அது விட்டுப்போக, சுமை குறைவாக இருந்த ஃபேஸில் வோல்டேஜ் ஏறி நான்கு டியூப் ஒரே நேரத்தில் போய்விட்டன. நியூட்ரல் விட்டால் ஒரு லைட்டுக்கு 400 வோல்ட் வரைகூடப் போக முடியும், தாமிரச் சோக் அதைச் சற்று நேரம் தாங்கும், எலக்ட்ரானிக் டிரைவர் தாங்காது. இப்போது லைட் லைனுக்கு வோல்டேஜ் ஏறினால் துண்டிக்கிற ஒரு ரிலே போட்டிருக்கிறேன். நீங்கள் லைட்டைத் தொடுவதற்கு முன்னால் அந்தத் திருகை இறுக்குங்கள்.

கழற்றிய டியூப்களைத் தயவுசெய்து உடைத்துக் குப்பையில் போடாதீர்கள். ஒவ்வொன்றிலும் சில மில்லிகிராம் பாதரசம் இருக்கிறது, மூடிய பட்டறையில் உடைந்தால் சுவாசிப்பது நாம்தான். 2023இல் ஜெனீவாவில் நடந்த, பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் மினமாட்டா ஒப்பந்த மாநாட்டில் 2027க்குள் இந்த விளக்குகளின் தயாரிப்பையே நிறுத்த முடிவு செய்ததற்கும் பாதரசம்தான் காரணம். சோக்கைப் பழைய இரும்புக் கடையில் தாமிர விலைக்குப் போட்டேன். டியூப்களைப் பெட்டியில் அடுக்கி, அனுமதி பெற்ற மின்கழிவு ஆட்களிடம் ஒப்படைத்தேன்.

கிரைண்டர் மூலையில் மட்டும் பழைய 60 வாட் குண்டு பல்பு இன்னும் எரிகிறது. 2800 ஆர்.பி.எம்மில் ஓடுகிற கல். குண்டு பல்பின் இழை சூட்டில் எரிவது, நொடிக்கு நூறு முறை கரண்ட் விழுந்தாலும் சூடு அவ்வளவு சீக்கிரம் இறங்காது, வெளிச்சம் பெரிதாக ஆடாது. 24 வோல்ட்டில் ஆடாத மெஷின் லேம்ப் ஒன்று கிடைக்கிற வரைக்கும் அதைக் கழற்ற மாமா விடமாட்டார், நானும் கேட்கவில்லை.