94 பாகையில் கொதித்தால் 94 என்றே எழுதுங்கள்

விஞ்ஞானப் போட்டியின் பெறுபேறு வந்துவிட்டது. தெரிவான பிள்ளைகளுக்கு மனமார்ந்த வாழ்த்து. இந்தக் குறிப்பு, ஒன்றிரண்டு புள்ளியால் விடுபட்டவர்களுக்கும் அடுத்த முறை விஞ்ஞான ஒலிம்பியாட்டுக்கோ மாகாண மட்டப் போட்டிகளுக்கோ நிற்கப்போகும் தரம் 9, 10 பிள்ளைகளுக்கும். மலையகத்துப் பிள்ளைகள் பாடம் தெரியாமல் விடும் புள்ளிகள் குறைவு. தன் கண்ணால் கண்ட வாசிப்பை நம்பாமல், புத்தகத்தில் உள்ளதை எழுதி விடும் புள்ளிகள்தான் அதிகம். அதைப் பார்க்கத்தான் வயிறு எரிகிறது.

நுவரெலியாவில் ஓர் ஆய்வுகூடம். முகவையில் நீர் தளதளவென்று கொதிக்கிறது. வெப்பமானியின் இரசம் 94இல் நிற்கிறது. பிள்ளை குனிந்து பார்க்கும். வெப்பமானியை ஒருமுறை தட்டிப் பார்க்கும். பக்கத்து மேசையை எட்டிப் பார்க்கும். பிறகு அட்டவணையில் 100 என்று எழுதும். போனது அந்த ஒரு வாசிப்பு மட்டுமில்லை. அதை வைத்து வரையும் வரைபும், வரைபை வைத்துக் கேட்கும் இரண்டு உபவினாக்களும் சேர்ந்தே போகும்.

நீர் 100 பாகை செல்சியஸில் கொதிப்பது கடல் மட்டத்து வளிமண்டல அமுக்கத்தில், அதாவது சுமார் 101 கிலோபஸ்கலில். நுவரெலியா கிட்டத்தட்ட 1,870 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே அமுக்கம் 81 கிலோபஸ்கல் அளவில்தான். மேலே ஏற ஏற, ஏறத்தாழ 300 மீற்றருக்கு ஒரு பாகை வீதம் கொதிநிலை இறங்கும். கண்டியில் 98ஐ ஒட்டி வரும், ஹட்டனிலும் பண்டாரவளையிலும் 96ஐ ஒட்டி வரும். அதற்காக 94ஐப் பாடமாக்கிக்கொண்டு போகவும் வேண்டாம். செய்முறைச் சுற்று கொழும்பில் நடந்தால் வெப்பமானி 100க்குப் பக்கத்தில்தான் நிற்கும். எங்கே நின்றாலும் நின்ற இடத்தை எழுதுங்கள். எதிர்பார்த்ததற்கு மாறாக வந்தால் கீழே ஒரு வரியில் காரணம் எழுதுங்கள். அந்த வரிக்குத்தான் நல்ல பரீட்சகர் புள்ளி வைத்திருப்பார்.

இதே விஷயம் வேறு வேடத்திலும் வரும். அளவு கோடுகள் இல்லாத வெப்பமானியைத் தந்து அளவு குறிக்கச் சொல்வார்கள். உருகும் பனிக்கட்டியில் 0 குறிப்பதில் சிக்கலில்லை, உயரம் அதை மாற்றாது. ஆனால் நுவரெலியாவில் கொதிநீரில் வைத்து 100 என்று குறித்தால், அந்த வெப்பமானி 50 காட்டும்போது உண்மையான வெப்பநிலை 47தான்.

வாயுக்களில் வித்தியாசம் இன்னும் பெரிது. 0.024 கிராம் மகனீசியத்தை ஐதான ஐதரோகுளோரிக் அமிலத்தில் இட்டு, வரும் ஐதரசனை நீரின் மேல் சேகரிக்கும் பரிசோதனையை எடுத்துக்கொள்ளுங்கள். கரையோரத்தில் சுமார் 25 மில்லிலீற்றர் கிடைக்கும், நுவரெலியாவின் குளிரிலும் சுமார் 30 கிடைக்கும். 30 கண்ட பிள்ளை பயந்துபோய் புத்தகக் கணக்குப்படி 24 என்று திருத்துகிறது. திருத்தாதீர்கள். அமுக்கம் குறைந்தால் கனவளவு கூடும் என்பது நீங்கள் படித்த போயிலின் விதி. வாசிக்கும் முன் அளவுச்சாடியை ஏற்றி இறக்கி உள்ளேயும் வெளியேயும் நீர் மட்டத்தைச் சமப்படுத்த மறக்க வேண்டாம். 0.024 கிராமைப் பாடசாலைத் தராசில் நிறுக்க முடியாது. நாடாவில் 1 மீற்றர் வெட்டி நிறுத்து, அந்த விகிதப்படி நீளத்தைக் கணித்து வெட்டுங்கள். வெட்டும் முன் அரத்தாளால் தேய்த்துப் பளபளப்பாக்குங்கள். கறுத்த ஒட்சைட்டுப் படை இருந்தால் கனவளவு குறையும்.

எளிய ஊசல்

ஆய்வுகூடமே இல்லாத தோட்டப் பாடசாலையிலும் செய்யக்கூடியது இது. நூல், ஒரு இரும்பு நட்டு, லயத்து வாசல் நிலையில் ஓர் ஆணி, தொலைபேசியின் நிறுத்தற்கடிகாரம், இவ்வளவும் போதும். இதை ஒழுங்காக நாற்பது முறை செய்த பிள்ளைக்கு வேறெந்தச் செய்முறையும் பயம் காட்டாது என்பது என் உறுதியான எண்ணம்.

நீளத்தை ஆணியிலிருந்து குண்டின் நடுப்பகுதி வரை அளக்க வேண்டும், முடிச்சு வரை அல்ல. வீச்சுக் கோணம் 10 பாகையைத் தாண்டக் கூடாது. கடிகாரத்தை ஊசல் ஓரத்தில் நிற்கும்போது தொடங்காதீர்கள். நடுவைக் கடக்கும்போது தொடங்குங்கள், பின்னால் சுவரில் ஒரு பென்சில் கோடு போட்டு வைத்தால் சுலபம். தொடங்கும் கணத்தில் வாய் சொல்ல வேண்டியது "பூச்சியம்". "ஒன்று" அல்ல.

இந்த ஒரு சொல்லில் எவ்வளவு இருக்கிறது என்று பாருங்கள். 1 மீற்றர் நீளத்துக்கு 20 அலைவுகளின் நேரம் சுமார் 40.2 செக்கன். "ஒன்று" என்று தொடங்கினால் உண்மையில் 19 அலைவுதான் நடந்திருக்கும், கடிகாரம் 38.2 காட்டும். அதை 20ஆல் பிரித்து ஈர்ப்பு ஆர்முடுகலைக் கணித்தால் 9.8 வராது, 10.8 வரும். விடை 10.8 வந்தால் திரும்ப எண்ணிப் பாருங்கள். விடையை 9.8 ஆக மாற்றி எழுதினால் அட்டவணையே காட்டிக் கொடுக்கும்.

தொலைபேசி 40.21 என்று காட்டும். உங்கள் விரலின் தாமதமே 0.1, 0.2 செக்கன் வரும்; 40.2 என்று எழுதினால் போதும். 40 முதல் 100 சென்ரிமீற்றர் வரை ஐந்து நீளமாவது எடுங்கள், ஒவ்வொன்றுக்கும் இரண்டு முறை. அலைவு காலத்தின் வர்க்கத்தை, மீற்றரில் எடுத்த நீளத்துக்கு எதிரே குறித்தால் நேர்கோடு வரும், படித்திறன் 4.04ஐ ஒட்டி நிற்கும். படித்திறனுக்குப் புள்ளிகளை அட்டவணையிலிருந்து எடுக்காதீர்கள். வரைந்த கோட்டின் மேல், ஒன்றுக்கொன்று தூரமான இரண்டு இடங்களை எடுங்கள். வரைபு தாளின் பாதிக்கு மேல் நிறைய வேண்டும். பிழையான வாசிப்பை அழிக்காமல் ஒரு கோட்டால் வெட்டிப் பக்கத்தில் சரியானதை எழுதுங்கள்.

சொற்களில் விழும் குழி

சிக்னல் கிடைக்கும் மேட்டில் உட்கார்ந்து தமிழ்நாட்டுக் காணொளிகளைப் பார்த்துப் படிக்கும் பிள்ளைகள் நம்மிடம் நிறையப் பேர். அங்கே விளக்கம் அருமையாக இருக்கிறது, பாருங்கள். ஆனால் கலைச்சொல் நம்முடையது அல்ல. ஒரே சொல் இரண்டு இடத்தில் இரண்டு பொருளில் வரும்போதுதான் ஆபத்து.

நிறை: நமக்கு விசை, நியூற்றனில். அவர்களுக்கு அது கிலோகிராமில். நாம் திணிவு என்பது. 50 கிலோகிராம் திணிவுடையவரின் நிறை கேட்டால் ஈர்ப்பு ஆர்முடுகல் 10 என்று கொண்டு 500 நியூற்றன் எழுத வேண்டும். 50 என்று எழுதுகிறார்கள்.

வேகம்: நமக்குத் திசையோடு சேர்ந்தது. திசையில்லாதது கதி. அவர்களுக்கு வேகம் திசையில்லாதது, மற்றது திசைவேகம்.

அழுத்தம்: அவர்களுக்கு நம் அமுக்கம். நம் வினாத்தாளில் அழுத்த வித்தியாசம் என்றால் அது மின்சுற்று, வோல்ற்றில்.

முடுக்கம் என்றால் நம் ஆர்முடுகல், சவ்வூடு பரவல் நம் பிரசாரணம், ஒளிச்சேர்க்கை நம் ஒளித்தொகுப்பு, நீராவிப்போக்கு நம் ஆவியுயிர்ப்பு, சைலமும் புளோயமும் நம் காழும் உரியமும். இவை வேறு சொற்கள் என்பதால் குழப்பம் குறைவு, ஒருமுறை எழுதிப் பார்த்தால் பிடிபட்டுவிடும். முதல் மூன்றுதான் ஆளைக் கவிழ்க்கும்.

கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் தரம் 10, 11 விஞ்ஞான நூலின் ஆங்கிலப் பதிப்பையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். சர்வதேச கனிஷ்ட விஞ்ஞான ஒலிம்பியாட்டின் மூல வினாத்தாள் ஆங்கிலம். ஒவ்வொரு நாட்டு அணித்தலைவர்களும்தான் அதை மொழிபெயர்ப்பார்கள்.

பல்தேர்வு

பிழைக்குக் கழித்தல் புள்ளி இருந்தால் மட்டும் வினாக்களைப் பொறுக்கியெடுத்து விடையளிக்க வேண்டும், முன்பக்க அறிவுறுத்தலை முதலில் வாசியுங்கள். சர்வதேச முறையில் சரிக்கு 1, பிழைக்கு −0.25, விட்டால் 0. நான்கு விடையில் இரண்டை உறுதியாக நீக்க முடிந்தால் மற்ற இரண்டில் ஒன்றைத் தயங்காமல் போடுங்கள், சராசரியில் 0.375 லாபம். ஒன்றையும் நீக்க முடியாவிட்டால் லாபம் 0.06 அளவுதான். அதில் நேரத்தைக் கொட்டாமல் அடுத்ததற்குப் போங்கள்.

குழுச் செய்முறை

சர்வதேச கனிஷ்டப் போட்டியில் பல்தேர்வுக்கு 30, எழுத்துக்கு 30, செய்முறைக்கு 40. அந்த 40ஐ மூன்று பேர் சேர்ந்து எடுக்க வேண்டும். நம் பெரிய பாடசாலைகளில் நடக்கும் தவறு, கெட்டிக்காரப் பிள்ளையின் கையில் எல்லாவற்றையும் கொடுத்துவிட்டு மற்ற இருவரும் பார்த்துக்கொண்டு நிற்பது. ஒருவர் கருவியில், ஒருவர் அட்டவணையில், மூன்றாமவர் ஒவ்வொரு வாசிப்பையும் தானும் தனியே பார்த்துச் சொல்ல வேண்டும். இருவர் சொன்னதும் ஒத்துவராவிட்டால் திரும்ப எடுங்கள். மூன்றாமவராக வெட்கப்படாமல் மறுத்துப் பேசும் பிள்ளையைப் போடுங்கள். வேணியர் இடுக்கிமானியிலும் நுண்மானித் திருகுக் கணிச்சியிலும் முதல் வேலை பூச்சிய வழு (எதையும் அளக்காதபோதே கருவி காட்டும் வாசிப்பு) பார்ப்பது. அதை மூவரில் யார் பார்ப்பது என்று முன்பே பேசி வையுங்கள். பேசாவிட்டால் மூவரும் மற்றவர் பார்த்திருப்பார் என்று நினைத்துக்கொள்வார்கள்.

பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் ஒன்று. சர்வதேச கனிஷ்டப் போட்டிக்குப் போட்டியாண்டின் டிசம்பர் 31ஆந் திகதி வயது 15ஐத் தாண்டியிருக்கக் கூடாது. ஆகவே தரம் 9இலேயே தொடங்குங்கள். பிள்ளையின் பிறப்புச் சான்றிதழை இன்றே எடுத்துப் பாருங்கள். சான்றிதழில் ஒரு பெயரும் பாடசாலைப் பதிவில் வேறு எழுத்துக்கூட்டலும் இருப்பது தோட்டப் பகுதியில் சர்வசாதாரணம். தெரிவான பிறகு கடவுச்சீட்டுக்காக அலையும்போது அதைத் திருத்த நாள் போதாது.